அயர்ன் மாஸ்டரின் லைக்

டீ கிளாஸை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் போனை ஒரு தட்டுத் தட்டுவார் எங்கள் பனியன் கம்பெனி அயர்ன் மாஸ்டர். நான் இணையத்தில் எதை எழுதினாலும் முதல் லைக் அவருடையதுதான். பீகாரிலிருந்து வந்து, அவிநாசிபாளையம் பக்கம் குடும்பத்தோடு இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துதான் தெரியாது. என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டதேயில்லை. அண்ணன் எழுதியது, அவருக்கு அவ்வளவு போதும். பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜாக இருந்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போதெல்லாம் சினிமாவை வைத்து முன்பின் தெரியாதவர்களோடு சண்டை போடுவதில் நான் பெரிய கெட்டிக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பார்க்கப் போன தமிழ்ப் படத்தைத் தூக்கிவிட்டு இந்திப் படம் போட்டிருந்தார்கள். அதற்கு ஹவுஸ்ஃபுல் வேறு. வந்த கோபத்தில் எழுதினேன். முகத்துக்குப் பதில் பூப்படம் வைத்திருந்த யாரோ ஒருவர், உழைத்த காசில் வடக்கத்தித் தொழிலாளர்கள் படம் பார்க்கிறார்கள், உங்களுக்கென்ன என்று கேட்டார். விடுவேனா? பேச்சு படத்தை விட்டு ஊருக்குத் தாவியது. இந்த வடக்கத்திக் கூட்டத்தை மொத்தமாக ரயிலேற்றி அனுப்பினால்தான் திருப்பூர் உருப்படும் என்று தனிப் பதிவாகவே போட்டேன். பாராட்டு குவிந்தது. பூப்படக்காரர் மட்டும் ஒரே வரியில் பதில் எழுதினார்: முதல் லைக் யாருடையது என்று பாருங்கள்.

பார்த்தேன். அயர்ன் மாஸ்டருடையது. அப்போதே நீக்கியிருக்கலாம். நீக்கினால் முகம் தெரியாத ஒருவரிடம் தோற்றதாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அயர்ன் டேபிளுக்கு அருகில் என்னை நிறுத்திப் போனை நீட்டினார் மாஸ்டர். அவர் மகள் அரசுப் பள்ளியில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அண்ணா, இதுல என்னங்க போட்டிருக்கு? பொண்ணு என்னென்னமோ சொல்றா."

படம் நன்றாக இல்லை என்று எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது; இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கே பதிவை நீக்கினேன். ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். அது ஒன்றும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை மகளைக் கம்பெனி கேட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். பெரியப்பாவைப் பற்றிப் பொய் சொன்னாள் என்று வீட்டில் அடித்திருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"தப்பாப் படிச்சுட்டேனுங்க, பெரியப்பா."

என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

"பரவால்ல கண்ணு," என்றேன். அதைவிடக் கேவலமான ஒன்றை நான் இணையத்தில்கூட எழுதியதில்லை.

இப்போது அவள் பிளஸ் டூ. அப்பாவுக்குத் தமிழில் எதையும் படித்துச் சொல்வதில்லை. தனக்குச் சரியாக வராது என்கிறாளாம். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தகவலைக்கூட அவர் என்னிடம்தான் கொண்டுவருகிறார். உன் மகள் அன்றைக்குச் சரியாகத்தான் படித்தாள் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் போனை என் கையில் கொடுத்துவிடுகிறார்.

"அண்ணா படிச்சாத்தானுங்க நம்ப முடியுது."