அத்தைக்கும் ஆஸ்திரியாவுக்கு ஒரு டிக்கெட்

ஆஸ்திரியா போகலாம் என்று நானும் வீட்டுக்காரரும் பேச ஆரம்பித்த நாளிலிருந்து, "நீங்களும் வாங்க அத்தை" என்று கூப்பிட்டால் என் மாமியாருக்கு ஒரே பதில்தான்.

"நா வந்துட்டா எருமையை ஆரு கறக்கறது?"

இன்று மதியம், அங்கே நாங்கள் தங்கப்போகும் பண்ணை வீட்டு அம்மாவோடு வீடியோ காலில் பேசினேன். அறையைக் காட்டுவார் என்று பார்த்தால், அவர் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் கழுத்தில் பெரிய மணியோடு ஒரு பசு.

அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

"நல்ல மடிங்க. ஒரு நேரத்துக்கு எத்தனை லிட்டருங்க கறக்குது?"

நான் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னேன். பதிலைக் கேட்டதும் அத்தை போனோடு நேராக எங்கள் கட்டுத்தரைக்குப் போய் எருமைகளைக் காட்டினார். கொம்பைப் பார்த்து அந்த அம்மா அசந்துபோனார். சுடுதண்ணீர் வருமா என்று கேட்கக்கூட எனக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை.

போனைத் திருப்பித் தரும்போது அத்தை சொன்னார்.

"எனக்கும் சேத்து டிக்கெட்டைப் போடு சாமி. காலைல கறக்கறப்ப என்னையும் எழுப்பச் சொல்லு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போட்டுவிட்டேன்.

இப்போது ஒரே சிக்கல். அத்தை அங்கே கறக்கும் நாட்களில் இங்கே கறக்க ஆள் வேண்டும். பரமத்தி வேலூர் பக்கம் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

எல்லாம் சாதுவான எருமைகள். கருப்பாயி மட்டும் உதைப்பாள்.