இரண்டு ஊர் விட்டுவைத்த பள்ளம்

பெரிய வெள்ளத்தில் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் சம்பான் படகு ஓடியதே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. அந்த வெள்ளத்தில் எங்கள் தொழுவம் போய்விட்டது. மாடுகளைக் கிள்ளான் ரோட்டோரத்து மேட்டில் ஏற்றிவிட்டதால் அவை பிழைத்தன. அங்கே தேங்காய் விற்ற மலாய்க்காரர் தண்ணீர் வடியும்வரை எங்களுக்கும் சோறு போட்டார். நல்ல மனிதர். சரி, மாட்டுக்கு வருகிறேன்.

நானும் அண்ணனும் பால் விற்றுப் பிழைத்தவர்கள். வெள்ளம் வடிந்ததும், ஊருக்குள் மாடு கூடாது என்றது ஊர் நிர்வாகத்தைப் பார்த்த டவுன் போர்டு. மறுபடி அந்த மேட்டுக்கே ஓட்டினோம். மேட்டின் நடுவில் எல்லைக்கல். அதற்கு அப்பால் அடுத்த ஊர் போர்டு. அவர்களும் கூடாது என்றார்கள். எங்கள் போர்டு குமாஸ்தா, அதாவது கிராணி, வந்தால் மாடுகளை அந்தப் பக்கம் தள்ளுவோம், அந்த ஊர்க் கிராணி வந்தால் இந்தப் பக்கம்.

சொல்லிவைத்ததுபோல் ஒரு காலையில் இரண்டு கிராணிகளும் வந்துவிட்டார்கள். சிவலைப் பசு கல்லுக்குக் குறுக்கே நின்றது.

“தலை உங்க ஊர்ல இருக்கு, நீங்களே புடிச்சிட்டுப் போங்க” என்றார் எங்கள் கிராணி.

“சாணி உங்க பக்கந்தானேய்யா விழுது? அள்ளுங்க லா” என்றார் மற்றவர்.

அண்ணன் கும்பிட்டார். “ஐயா, ரெண்டு ஆபீசும் ஒரு தடவ உக்காந்து பேசுங்க. எங்க நிக்கணுமோ அங்க கட்டுறேன். இல்லன்னா எல்லாத்தையும் வித்துட்டுத் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போறேன்.”

எந்த இடம் யாருடையது என்று பார்க்க, கிராணிகள் இருவரும் தங்கள் ஊர் வரைபடங்களை எங்கள் பால் வண்டியில் விரித்தார்கள். இரண்டிலும் கல்லுக்கு அப்பால் வெறும் வெள்ளை. சேர்த்து வைத்தபோதுதான், அந்த ஊர் வாய்க்கால் மேட்டடியில் எங்கள் ஊர்ப் பள்ளத்தில் முடிவது தெரிந்தது. அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் போர்டு வீட்டுமனை பிரித்திருந்தது.

“இங்க வீடு கட்டுனா உங்க தண்ணி எங்க அடுப்புக்குள்ள வருமேய்யா!” என்றார் எங்கள் கிராணி.

“எங்க படம் கல்லோட முடிஞ்சுபோச்சு, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அந்த ஊர்க் கிராணி.

பிறகு இரண்டு ஊர் துரைமாரும் ஒன்றாக வந்து பார்த்தார்கள். மேடு இரண்டு பக்கமும் மாட்டுக்கு. பள்ளத்தில் யாரும் வீடு கட்டக்கூடாது. மழைக்குத் தண்ணீர் நிற்கட்டும், வெயிலுக்கு மாடு மேயட்டும். இப்படி முடிவானதைக் கிராணிதான் வந்து சொன்னார். அண்ணன் மாடுகளை விற்கவில்லை.

இப்போது அண்ணனும் இல்லை, மாடும் இல்லை. பள்ளம் சும்மா கிடக்கிறதென்று யாரோ மனை கேட்கிறார்களாம். உங்கள் பிள்ளை போர்டு ஆபீசில்தானே இருக்கிறான்? அது சும்மா கிடக்கவில்லை, இரண்டு ஊரும் பேசி விட்டுவைத்த இடம் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.