கடைசி அட்டைக்குக் காத்திருந்த கடைக்காரன்

விற்கிற சரக்கின்மேல் ஆசை வைத்தவன் கடை திறக்கவே கூடாது. தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் என்று எதையாவது சேர்த்து, ஒன்றே ஒன்று குறைந்து, தூக்கம் கெட்டவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். என் வீட்டில் சிரித்துவிட்டார்கள்.

மாலுமி கொண்டுவந்த பெட்டி

ரங்கூன் பபேடான் பகுதியில் நானும் என் மனைவியின் அண்ணன் செல்வராஜும் கூட்டாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தோம். பேனா, பேட்டரி, சீப்பு, கண்ணாடி இதெல்லாம்தான் சரக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், அலோன் பக்கம் குடியிருந்த கோ மியிண்ட் என்ற மாலுமி ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கனடாவில் ஏதோ துறைமுகத்தில் மலிவாகக் கிடைத்ததாம். உள்ளே மெழுகுத்தாளில் ஒட்டிய பழைய பாக்கெட்டுகள். நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் சரக்கு, பிரிக்கப்படாமலே இருந்தது. ஒவ்வொன்றிலும் சில ஹாக்கி வீரர்களின் படஅட்டைகள், கூடவே கல்லாகிப்போன ஒரு சூயிங்கம்.

நம் ஊர் ஹாக்கி இல்லை, பனிக்கட்டிமேல் சறுக்கிக்கொண்டு ஆடுவது. ரங்கூனில் பனிக்கட்டி என்றால் கரும்புச்சாற்றில் போடுவது. இருந்தும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அட்டைகளின் பின்புறம் வரிசை எண் இருந்தது. வரிசை என்று ஒன்று இருந்துவிட்டால், அதை முடிக்காமல் விட என்னால் ஆகாது. கேட்ட விலைக்குப் பெட்டியை வாங்கினேன். கோ மியிண்ட் போகும்போது சொன்னார்: "அங்க இத சின்னப் பிள்ளைங்கதான் வாங்குதுங்க, அண்ணே. ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டுடும்."

மச்சான் போட்ட சட்டம்

பாதிப் பெட்டியை நானே பிரித்துவிட்டேன். வரிசை கிட்டத்தட்ட முடிந்தது. ஒரே ஓர் அட்டை வரவில்லை. பெட்டிக்கு வெளியே ஒட்டியிருந்த விளம்பரத் தாளில் அந்த ஆள் மட்டும் பொடியாக அச்சாகியிருந்தார். கோல் காக்கிறவர், முகத்தை மூடிய வெள்ளை முகமூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவர் வந்துவிட்டால் என் ஆல்பம் நிறைந்துவிடும். பர்மாவில் வேறு யாரிடமும் அது இருக்காது என்பது நிச்சயம். வாழ்க்கையில் நான் முழுசாக முடித்தது எதுவுமில்லை. படிப்பை முடிக்கவில்லை, கட்டிய வீட்டுக்கு மாடி எடுக்கவில்லை. இதையாவது முடிக்க வேண்டுமென்று வெறி பிடித்திருந்தது.

அப்போதுதான் இது மச்சான் கண்ணில் பட்டது. பெட்டி கடைக் காசில் வாங்கியது, ஆகவே கடைச் சரக்கு, விற்கிறவன் பிரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். பிரித்ததற்கெல்லாம் என் பங்கில் கழித்தார். நான் விளக்கம் சொல்லப் போனேன். அவர் காது கொடுக்கவில்லை. "புடவைக்கடைக்காரன் ஒவ்வொன்னா கட்டிப் பாத்துட்டா விக்கிறான்?" என்றார்.

பதினெட்டு

மீதிப் பாக்கெட்டுகள் சீந்துவாரில்லாமல் கிடந்தன. மாதம் ஒன்றிரண்டை என் கைக்காசில் வாங்கிப் பிரித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மூர்த்தி என்ற டாக்ஸி டிரைவர் விளையாட்டாக ஒன்று வாங்கினார். முதல் அட்டையில் இருந்தவன் சட்டையில் பதினெட்டு என்றிருந்தது. அன்று அதையே இரண்டு நம்பர் சீட்டில் கட்டினார். தாய்லாந்துப் பங்குச்சந்தைக் கணக்கில் தினமும் வருகிற கடைசி இரண்டு எண்ணுக்கு ஊரே தவம் கிடக்குமே, அந்தச் சீட்டு. சாயங்காலம் பதினெட்டே விழுந்தது.

மறுநாள் கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பனி தெரியாது, ஹாக்கி தெரியாது, எல்லோருக்கும் முதுகிலிருந்த நம்பர்தான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பிறந்தவர் செவ்வாயன்றுதான் பிரிப்பார். நான் சனிக்கிழமை பிறந்தவன் என்பதால் என் கைபட்ட பாக்கெட்டை யாரும் வாங்கவில்லை. தாங்களே பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தார்கள். மச்சான் விலையை ஏற்றினார், மறுபடி ஏற்றினார். கடை முதலாளியால் தன் கடையிலேயே வாங்க முடியாத சரக்கு ஆகிவிட்டது. பாலுக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே பூனையின் வாயைக் கட்டிவிட்டுக் காவல் வைத்தார்கள்.

நம்பரைப் பார்த்துக்கொண்டு அட்டையை என்னிடம் தந்துவிடுங்கள் என்று மூர்த்தியிடம் கெஞ்சினேன். எனக்கு அசல் மனவருத்தம் அன்றுதான் தொடங்கியது. "அட்டையக் குடுத்தா அதிர்ஷ்டமும் கூடப் போயிடும், அண்ணே. வேணும்னா அந்த மிட்டாய எடுத்துக்கங்க," என்றார்.

கிழிக்கிறவர்

நம்பர் விழாதவர்கள் ஒரு ரகம். ஊ தான் என்ற ஓய்வுபெற்ற குமாஸ்தா, பர்மியர், இஸ்திரி கலையாத சட்டைக்காரர், தோற்ற மறுநாள் தவறாமல் வருவார். திட்டமாட்டார். என் எதிரில் நின்று அட்டைகளை நிதானமாக நாலாகக் கிழித்துச் சாக்கடை ஓரம் போடுவார். அவர் முதுகு மறைந்ததும் நான் குந்தி உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்ப்பேன், முகமூடி இருக்கிறதா என்று. எதிர்க்கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மானம் போனது போகட்டும், அட்டை பிழைத்திருந்தால் போதும் என்று இருந்தேன்.

ஒருநாள் அவர் திரும்பி வந்து நான் பொறுக்குவதைப் பார்த்துவிட்டார். உண்மையான பரிதாபத்தோடு பர்மியில் கேட்டார், தமிழில் சொல்கிறேன்: "பொய் சொன்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

முகமூடிக்காரர்

கடைசியில் ஒரே பாக்கெட் மிஞ்சியது. முகமூடிக்காரர் இதுவரை யார் கையிலும் வரவில்லை. வந்திருந்தால் அந்த முகத்தை ஊரே பேசியிருக்கும். அப்படியானால் அவர் இதற்குள்தான் இருக்க வேண்டும். இதை நான் பணம் கொடுத்தே எடுத்துக்கொள்கிறேன், ஒருவருக்கும் கொடுக்காதீர்கள் என்று மச்சானிடம் சொல்லி மேசை டிராயரில் வைத்தேன். மனைவியிடம் கைமாற்று வாங்க வீட்டுக்கு ஓடினேன். அவள் அரைமணி நேரம் திட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். அந்த அரைமணிதான் என்னைக் கெடுத்தது.

நான் திரும்பியபோது, தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் மீனாட்சி அக்கா கடையில் நின்றிருந்தார். பர்மியர்களுக்கு அவர் டோ மியா. அக்கா இரண்டு மடங்கு நீட்டினாராம், மச்சான் டிராயரைத் திறந்துவிட்டார். பாக்கெட் பிரிந்து கிடந்தது. அக்காவின் உள்ளங்கையில் வெள்ளை முகமூடி, இரண்டு ஓட்டைக் கண். சட்டைக் கையில் முப்பத்தொன்று. கொண்டுவந்த பணம் முழுவதையும் மேசையில் வைத்தேன். அக்கா அதைப் பார்க்கவேயில்லை. ஏதோ காவல் தெய்வம் தன்னைத் தேடி வந்திருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று முப்பத்தொன்று விழுந்தது. அதற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது? முகமூடிக்காரர் அக்கா வீட்டுப் பூஜை மாடத்தில், முருகனுக்கும் பர்மியர் கும்பிடும் நாட் சாமிக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணெய்ப் புகை ஏறி வாரத்துக்கு வாரம் கருத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிச் சட்டமாவது போடுங்கள் என்று போய் மன்றாடினேன். சாமிக்கு மூச்சு முட்டும் என்று மறுத்துவிட்டார். என் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாகத்தான் சொன்னார்: "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து கும்பிட்டுட்டுப் போங்க தம்பி, கையால மட்டும் தொட்றாதீங்க."

தன் ஆல்பத்தின் கடைசி அட்டைக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மூடி ஒன்றைப் பிரசாதமாக வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற சேகரிப்பாளன் உலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.