ஐஸ்மேல் மாமா தூவிய உப்பு

சாக்கில் சுற்றப்பட்டு, மரத்தூள் ஒட்டியபடி எங்கள் வீட்டு வாசல் படலைக்குள் வந்து இறங்கிய ஐஸ் பாளங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. மீன் ஏற்றும் லொறியில் வந்தவை. மீன் மணம் போகவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டு நடு அறையில் ஐயாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். தகப்பனை நாங்கள் ஐயா என்போம். முதல்நாள் பின்னேரம் ஐயா போய்விட்டார். பிரேதத்துக்கு மருந்தேற்றும் வழக்கம் எங்கள் பக்கம் அப்போது பரவியிருக்கவில்லை. மறுநாளே எடுத்துவிடுவதுதான் முறை. அண்ணை வரும்வரை எடுக்கக் கூடாதென்று அம்மா சொல்லிவிட்டார்.

வீட்டின் ஒரே ஆண்பிள்ளையான அண்ணைக்குக் கப்பலில் வேலை. ஐயாவோடு கோபித்துக்கொண்டு போனவர். அம்மாவுக்குக் கடிதம் வரும்; அதில் ஐயாவைப் பற்றி ஒரு சொல் இருக்காது. ஐயாவும் லேசுப்பட்டவர் இல்லை, தானாக விசாரிக்க மாட்டார். ஆனால் கடைசி மாதங்களில் படலை திறக்கும் சத்தம் கேட்டால் யாரென்று தலையைத் தூக்கிப் பார்ப்பார். அம்மா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“அவன்ரை கையாலைதான் கொள்ளி.”

தந்தி போனது. கப்பல் பம்பாயில் நின்றது. கொழும்புக்கு வந்து மறுநாள் பகல் ரயிலில் வருவதாகப் பதிலும் வந்தது. அதுவரை ஐஸ் தாங்க வேண்டும், அவ்வளவுதான். தகரத் தொட்டிகளில் பாளங்களை வைத்துக் கட்டிலின் கீழும் பக்கங்களிலும் அடுக்கினோம்.

நான் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பாடம்தான் வந்தது. திண்மத்துக்குத் தனக்கென ஓர் உருவம் உண்டு. திரவம் வைத்த பாத்திரத்தின் உருவத்தை எடுத்துக்கொள்ளும். வாயுவுக்கு உருவமும் இல்லை, நிலையான கனவளவும் இல்லை, கிடைத்த இடமெல்லாம் நிறையும். பாளங்களின் கூரான மூலைகள் மழுங்குவதையும், தொட்டிகளில் தண்ணீர் ஏறுவதையும், சாம்பிராணி மணம் ஒருவரையும் கேளாமல் அடுப்படிவரை போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உருகி முடியும்வரை ஐஸின் வெப்பநிலை ஏறாது; வந்து சேரும் சூடெல்லாம் உருகுவதற்கே செலவாகும். அம்மாவும் அன்று அப்படித்தான் இருந்தார். எத்தனை பேர் வந்து கட்டிப்பிடித்து அழுதாலும் அவர் முகம் மாறவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கடற்கரையில் கருவாடு போடும் கொட்டில், வாடி என்போம், வைத்திருந்தவர். அத்தான், அத்தான் என்று ஐயாவின் பின்னால் திரிந்த மனிதருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மத்தியானம் நான் கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் வாடியிலிருந்து ஒரு ஓலைக் கடகம் நிறையக் கல்லுப்பு கொண்டுவந்து எல்லாத் தொட்டியிலும் தூவிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிரும், ஆனால் கெதியில் உருகிவிடும் என்று செத்தவீடு என்றும் பாராமல் ஏசினேன். அவர் என்னைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“உப்புப் போட்டது கெடாது, பிள்ளை.”

கருவாட்டில் ஆயுள் முழுக்கக் கண்ட உண்மை அது. உப்பை அள்ளி எடுக்க வழியில்லை. விடியும்போது தொட்டிகளில் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. ஐஸ் போடும் இடத்துக்கு ஆள் அனுப்பினோம். இருந்ததெல்லாம் மீனோடு கொழும்புக்குப் போய்விட்டதாம்; அடுத்த பாளம் இறுகுவதற்கு ஒரு நாள் வேண்டுமாம். வெயில் ஏறியது. பகல் ரயில் வந்துசேர்ந்த பிறகும் அண்ணை வரவில்லை. சாம்பிராணியை மீறி இன்னொரு மணம் அறைக்குள் வரத் தொடங்கியது. வந்திருந்தவர்கள் மெல்ல முற்றத்துக்கு நகர்ந்தார்கள். அதைக் கண்ட அம்மா தானாகவே எழுந்து, எடுங்கோ என்றார். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான்.

ரயிலைத் தவறவிட்டுக் கார் பிடித்து வந்த அண்ணை, பொழுதுபடும் நேரத்தில் வெறும் கட்டிலுக்கு முன்னால் நின்றார். ஏன் எனக்காகக் காத்து நிற்கவில்லை என்று அம்மாவைக் கேட்டார். மாமா மூலையில் ஒதுங்கி நின்றார். அம்மா அவர் பக்கம் திரும்பாமலே அண்ணைக்குச் சொன்னார்.

“நாங்கள் நிண்டனாங்கள், தம்பி. ஐயாவாலைதான் நிக்கேலாமப் போச்சு.”

உப்பைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அம்மா போனபோதும் திறக்கவில்லை.

போன வருடம் மாமா இறந்தார். இப்போது கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. கரண்ட் இருந்தால் போதும், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கனடாவில் இருக்கும் மகன் ஆறுதலாக வந்து கொள்ளி வைக்கும்வரை மாமா அதற்குள் கிடந்தார். வெளிநாட்டிலிருந்து அண்ணையும் வந்திருந்தார், தலை முழுக்க நரைத்து. பெட்டியருகே நானும் அவரும் கதிரையில் இருந்தோம். கோபமில்லாத, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத குரலில் அவர் சொன்னார்.

“ஐயா எனக்கெண்டு ஒரு நாள் நிண்டிருக்கலாம்.”

அம்மா அன்று சொன்னதை இத்தனை வருடமும் அவர் அப்படித்தான் வைத்திருந்திருக்கிறார். மாமாவை முன்னால் வைத்துக்கொண்டு உப்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஐயாவை அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை.

“ஐயா நிண்டவர், அண்ணை. ஐஸ்தான் நிக்கேல்லை.”