விறகு எரிக்காத தொழிற்சாலை

1. சனிக்கிழமை விறகு

கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் கிராணி. எழுத்து வேலையெல்லாம் என்னுடையது. எழுபதுகளில் இலை காயவைக்க விறகு அடுப்புதான், எஸ்டேட்டிலேயே வளர்த்த மரம். மிஞ்சிய துண்டுகளைச் சனிக்கிழமைதோறும் தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். அவர்கள் சமையலும் வெந்நீரும் அதில்தான்.

எண்பதுகளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மரத்தை அழிக்காத தொழிற்சாலைக் கட்டடத்துக்குச் சான்றிதழாம். எஸ்டேட் மேனேஜர் துரைக்கு ஆசை பிடித்துக்கொண்டது. விறகு அடுப்பை இடித்து எண்ணெய் பர்னர் வைத்தோம். எஸ்டேட் மரங்களை வெட்டக்கூடாது என்று நானே போர்டு எழுதினேன். சனிக்கிழமை விறகு நின்றுபோனதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

2. ஆபீசர் வந்த நாள்

சான்றிதழுக்காகச் சோதனை பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து வந்த ஆபீசர் தமிழர். வாசலில் நின்று ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, கொழுந்து பறிக்கும் மாரியாயி பச்சை விறகுக் கட்டோடு எதிரே வந்தாள்.

“எங்கம்மா வெட்டுன?” என்று கேட்டார் ஆபீசர்.

“ஓடைக்கு மேல காட்டுலதாங்க. கிராணியாரு வெறகு இல்லேன்னுட்டாரு. அரிசிய அப்படியேவா திங்க முடியும்?”

“இது அவங்க சமையலுக்குங்க, ஃபேக்டரிக்கு இல்ல” என்று அவசரமாகச் சொன்னேன்.

“அப்ப என் ஃபாரத்துல வராது லா” என்றவர், ‘விறகு எரிக்கப்படுகிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினார். பொய்யில்லை. ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது.

சான்றிதழ் வந்தது. ஆபீஸ் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

3. பாட்டில்

இரண்டு மழைக்காலம் போனது. ஓடைக்கு மேலே மேடு மொட்டையாகி, ஓடைத் தண்ணீர் வரும் லயத்துப் பைப்பில் சேறு வந்தது. மாரியாயி ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டினாள்.

“இதையும் அதுக்குப் பக்கத்துல மாட்டி வைங்க, கிராணியாரே.”

சனிக்கிழமை விறகைத் திரும்பக் கொடுக்கலாமா என்று துரையிடம் கேட்டேன். “அப்ப சர்டிபிகேட்ட என்ன பண்ண?” என்றார்.

இன்றும் குழப்பம்தான். தொழிற்சாலை எரித்த மரத்தோடு பார்த்தால் லயம் வெட்டியது கொஞ்சம். எஸ்டேட் மரங்கள் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் ஓடை பாழாய்ப் போனது. எது பெரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். யாராவது இப்படி ஒரு சான்றிதழைக் காட்டினால், அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்பதில்லை. கீழே இருக்கிறவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன்.