வலது பக்கத்து ஜன்னல்

மேற்கே இருக்கும் பெங்களூருக்குப் போவதற்காகத் திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே பாண்டிச்சேரிக்குப் புறப்பட்ட ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அதற்கு முழுக் காரணமும் பெரியப்பா.

பெரியப்பா, அதாவது என் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், ரமணாசிரமத்துப் பக்கம் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் பாண்டிக்கும் விமான நிலையம் விமான நிலையமாகப் போய் வருவார். எத்தனை முறை போனாலும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஒரு நாளும் அவர் உள்ளே போனதில்லை. அந்தக் குறை அவருக்கு நிறைய உண்டு. அம்மாவின் தங்கையான என் சித்திக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்து, பெங்களூரிலிருந்து பயணம் என்று ஏஜென்சிக்காரர்கள் சொன்னதும், பாண்டியிலிருந்து பெங்களூருக்குப் போகும் குட்டி விமானத்தில் அவரே தேடிப்பிடித்து ஒரு டிக்கெட் போட்டுவிட்டார்.

"செங்கம் ரோட்ல நின்னு கையக் காட்டினா பெங்களூர் பஸ்ஸு நிக்கப் போவுது. இவரு ஊரச் சுத்திக்கினு போவ சொல்றாரு" என்று அம்மா முணுமுணுத்தாள். பெரியப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிளம்ப வேண்டிய காலையில் சித்தி மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. சித்தி படித்ததும் முதலில் வேலை பார்த்ததும் திருவண்ணாமலை டவுனில்தான். மலை கண்ணில் படாத ஓர் ஊரில் அவள் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை. எங்கள் வீட்டில் வேறொரு வழக்கமும் இருந்தது. நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் மலை வலது கைப்பக்கம் இருக்கும்படிதான் போவோம். எதிர்ப்பக்கம் குறுக்கு வழி இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவோம். அன்று பெரியப்பா பிடித்துக்கொண்டது அதைத்தான்.

"பாண்டியில ஏறினா ப்ளைட்டு நம்ம மலைகிட்டயேதான் போவும்மா. வலது பக்கம் ஜன்னல் சீட்டு வாங்கித் தர்றேன். மலைய வலமா வச்சிக்கினு, பாத்துக்கினே போ. நான் பொறுப்பு."

"நெஜமாவா மாமா?"

"நெஜமாத்தான்."

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. சித்தி எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கச் சொல்லி அம்மா என்னை விரட்டினாள். அம்மாவின் பச்சைப் புடவையை நான்தான் எடுத்து மடித்துப் பெட்டிமேல் வைத்தேன். பெரியப்பா கொண்டுவந்த வேனில் ஏறும்போதே, ஜன்னல் கிடைக்காவிட்டால் இதிலேயே திரும்பிவிடுவேன் என்று சித்தி சொல்லிவிட்டாள். ஒழுகுகிற ஓட்டு வீட்டிலிருந்து என் படிப்பு வரைக்கும் எல்லாமே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அம்மா வழியெல்லாம் வாய் திறக்கவில்லை.

பெரியப்பா அவள் பங்குக்கும் சேர்த்துப் பேசினார். வேன் செஞ்சியைத் தாண்டும்போது அந்த விமான நிலையத்தின் தல புராணத்தை ஆரம்பித்தார். முதலில் அங்கே வெறும் ஓடுபாதையும் ஒரு சின்னக் கட்டடமும்தான் இருந்தனவாம். விமானம் வருமாம், கொஞ்ச நாள் ஓடுமாம், ஆள் கம்மி என்று நின்றுவிடுமாம். பிறகு புதுக் கட்டடம் எழும்பியதாம், மறுபடி வந்ததாம், மறுபடி நின்றதாம். "இப்ப ஓடுது. ஓடும்போதே ஏறிக்கணும்" என்று முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த சித்தியின் முகம் இன்னும் வெளுத்துப்போனது.

போய் இறங்கினால் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னதாக, துடைத்துவைத்தது போல் ஒரு கட்டடம். கதவு தானாகத் திறக்கும்போதெல்லாம் ஏசி காற்று வந்து மேலே பட்டது. நான் அதற்காகவே கதவுக்கு எதிரில் நின்றேன். தள்ளுவண்டியில் என்னை உட்காரவைத்து அண்ணன் ஒரு சுற்று தள்ளினான். வெளியே இருந்த கழிப்பறைக்குப் போய்வந்த அம்மா, "இம்மாஞ் சுத்தமா வச்சிருக்காங்க" என்று வேன் ஏறிய பிறகு முதன்முதலாக வாய் திறந்தாள்.

சித்தி மட்டும் உள்ளே போனாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் ஏதோ சொல்ல, சித்தி எங்களைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஜன்னல் இல்லை. பெரியப்பா கதவை நோக்கிப் பாய்ந்தார். வாசலில் நின்ற பெண் போலீஸ் குறுக்கே கை நீட்டித் தடுத்தார்.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு வலது பக்கம் ஜன்னல்தான் வேணும். இல்லாங்காட்டி அது போவாது மேடம்."

"வலது பக்கம் அப்படி இன்னா இருக்குது?"

"எங்க மலைங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். "கத்தாதீங்க, இங்கயே இருங்க" என்று சொல்லி, வேறொருவரை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போனார். கவுண்டரில் பேசினார், வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடமும் பேசினார். கொஞ்ச நேரத்தில் சித்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து தன் வலது கையை உயர்த்திக் காட்டினாள். நாங்கள் போட்ட கூச்சலில் அந்தப் பெண் போலீஸுக்கு நன்றி சொல்லவே மறந்துபோனோம். இப்போது சொல்கிறேன், அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பும்போது செஞ்சி வருவதற்குள் பெங்களூரிலிருந்து சித்தியின் போன் வந்தது. பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"மலையப் பாத்தியாமா?"

"பாத்தேன் மாமா. வலது பக்கமே வந்துச்சு. கோபுரம் எல்லாம் குட்டி குட்டியா தெரிஞ்சிது. நம்ம வீட்டு வாசக் கொடியில அக்காவோட பச்சப் புடவ காயறதுகூடத் தெரிஞ்சிதுன்னா பாத்துக்கங்களேன்."

வேனே சிரித்தது. நான் மட்டும், "இல்ல, அத நான்தான் எடுத்து..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு போன் பக்கம் குனிந்து, "ஆமாண்டி, எடுக்க மறந்துட்டேன்" என்றாள். உண்மையைச் சொன்னதற்கா கிள்ளு என்று நான் ஊர் வரும்வரை அழுதேன்.

சித்தி பல வருஷம் அங்கே இருந்தாள். ஓட்டு வீடு மாடி வீடானதும், நான் இன்ஜினியரிங் முடித்ததும் அவளால்தான். வேறு யாருக்கும் நான் இவ்வளவு கடமைப்பட்டதில்லை. இப்போது அவள் ஊரோடு வந்துவிட்டாள்.

போன மாதம் வேலை விஷயமாக அதே பாண்டியிலிருந்து பெங்களூருக்குப் பறந்தேன். இப்போது சீட்டைப் போனிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், போலீஸ் சிபாரிசு தேவையில்லை. வீட்டு வழக்கப்படி வலது ஜன்னலை எடுத்தேன். வற்றிய ஏரிகளும் வயல்களும் வந்துகொண்டே இருந்தன, மலை வரவில்லை. தற்செயலாகத் திரும்பினால், எதிர் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தலைக்கு அப்பால், இடது பக்கத்து ஜன்னலில் அது போய்க்கொண்டிருந்தது. சித்தி அன்று மலையைப் பார்க்கவே இல்லை. அந்த ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து அவள் என்ன செய்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. எதிரே வந்த பணிப்பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு அழுதுவிட்டேன்.

இறங்கியதும் போன் வந்தது. பெரியப்பாதான்.

"மலை எந்தப் பக்கம்மா வந்துச்சு?"

"வலது பக்கம்தான் பெரியப்பா. நல்லா தெரிஞ்சிது."

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா!" என்று அவர் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பிறகு போன் கை மாறியது.

"கொடியில புடவ தெரிஞ்சிதா?" என்று மெதுவாகக் கேட்டாள் சித்தி.

"தெரிஞ்சிது சித்தி. பச்சப் புடவ" என்றேன்.

அன்று எங்கள் எல்லோரையும் நிம்மதியாக வீடு கொண்டுவந்து சேர்த்தது அந்தப் புடவைதான் என்று, வேனில் தொடையைத் தேய்த்துக்கொண்டு அழுதவளுக்குத் தெரியாது.