சாவி வராமல் கரண்ட் இல்லை

மின்சாரக் கம்பெனிகளை மேற்பார்வை பார்க்கும் சர்க்கார் ஆபீசில் வேலை என்றால் இரண்டு எஜமானர்கள்: கண்ணுக்குத் தெரியாத கரண்ட், கண்ணிலேயே படாத மேலதிகாரி. ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து பழகிய உங்களுக்கு என் கஷ்டம் புரியும். யுத்தம் தொடங்கிய சமயம், பழைய நடைமுறைகளைத் திருத்தி எழுதும்படி எனக்கு உத்தரவு வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து விபத்துகளையும் என்னையே விசாரிக்கச் சொன்னார்கள்.

அவன் குரல்

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த கோவிந்தன் என்ற லைன்மேன், ஷாக் அடித்துச் செத்துப்போனான். இந்த மாதிரி விபத்துக்குக் கம்பெனி ஓர் அறிக்கை அனுப்பும், நாங்கள் படித்துக் கையெழுத்துப் போடுவோம். அதுதான் பழைய வழக்கம். சம்பந்தப்பட்டவர்களை நேரில் கேட்க வேண்டும் என்று நான் மாற்றினேன். அதனால் திண்டிவனம் சுவிட்ச் ஹவுசுக்கு நானே போக வேண்டியதாயிற்று.

ஆபரேட்டர் ஆரோக்கியசாமி கோவிந்தனின் உயிர்ச் சிநேகிதர். வேலை முடிந்ததும் லைன்மேன் இறங்கி, ரோட்டோரக் கொட்டகையிலிருந்து போன் செய்வான். இவர் கரண்ட் போடுவார். அன்றும் போன் வந்தது, போட்டார். ஆனால் அப்போது கோவிந்தன் கம்பத்தின் மேலேயே இருந்தான். கொட்டகையும் பூட்டியே கிடந்தது. ஆரோக்கியசாமிக்கு வேலையா ஜெயிலா என்பது என் அறிக்கையைப் பொறுத்திருந்தது.

"வேறு யாராவது பேசியிருக்கலாமே?" என்றேன்.

அவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். "அவன் கொரலுதான் சார். 'சாமி, முடிச்சிட்டேன், போடுடா'ன்னான். என்னெ சாமின்னு கூப்புடறவன் அவன் ஒருத்தன்தான்."

கம்பிக்குக் கீழே

கோவிந்தனின் மனைவி அஞ்சலை மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை வெட்டிக்கொண்டிருந்தாள். கொல்லையின் குறுக்கே போகிறது அந்த லைன். கோவிந்தனுக்கும் ஆரோக்கியசாமிக்கும் ஏதாவது சண்டை உண்டா என்று கேட்டேன். "ஒரே தட்டுல சாப்புடறவங்க ஐயா" என்றாள்.

பேசிக்கொண்டே அடுத்த பாத்திக்கு நகர்ந்தவள், நேரே போகாமல் வரப்பைச் சுற்றிக்கொண்டு போனாள். கம்பியின் நிழலைக்கூட மிதிக்கவில்லை. காற்றே இல்லாத மத்தியானம். கம்பி மட்டும் ரீங்காரம் இட்டுக்கொண்டிருந்தது. ஏனம்மா சுற்றிப் போகிறாய் என்றேன். களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"கீழ போனா கூப்புடறாருங்க. 'கொஞ்சம் இரு அஞ்சல, எறங்கி வர்றேன்'னு. இன்னும் எறங்கலைங்க."

புது விதி

போன் பேச்சை நம்பிக் கரண்ட் போடக்கூடாது என்று விதி எழுதினேன். லைனை நிறுத்தியதும் சுவிட்சைப் பூட்டிவிட வேண்டும். கம்பம் ஏறுகிறவன் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் தானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுவரை ஊரே இருட்டாகக் கிடந்தாலும் சரி.

விழுப்புரத்தில் கம்பெனி மேனேஜர் எகிறிக் குதித்தார். "திருவெண்ணெய்நல்லூர்லேர்ந்து சாவி பஸ் ஏறி வரணுமா? நீங்க உத்தரவு போட்டுட்டுப் போயிடுவீங்க. ரைஸ் மில்காரங்ககிட்ட பேஜாருபடறது நாங்க!"

மறுபடியும் மணி

என் அறிக்கை முடியும்வரை ஆரோக்கியசாமியை விழுப்புரத்துக்கு மாற்றி, மேனேஜரின் கண்பார்வையில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் குப்பன் என்ற லைன்மேன் சாவியோடு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போயிருந்தான். விதி எப்படி நடக்கிறது என்று பார்க்க நானும் விழுப்புரம் சுவிட்ச் ஹவுசில் இருந்தேன். மில்காரர்கள் வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. எடுத்த ஆரோக்கியசாமியின் முகம் வெளுத்தது. ரிசீவரை என்னிடம் நீட்டினார். இப்போதுதான் கம்பம் இறங்கியவன்போல மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் சொன்னது: "சாமி, முடிச்சிட்டேன், போடுடா."

பக்கத்தில் நின்ற மேனேஜர் காதிலும் அது விழுந்திருக்கிறது. "அதான் முடிஞ்சிடுச்சாமே! ஜல்தி பூட்டை ஒடைங்க" என்றார். ஆரோக்கியசாமி சுவிட்சுக்கு முன்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். "சாவி வரட்டும்" என்றார். மேனேஜர் திட்டியும் நகரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் குப்பன் பஸ்சிலிருந்து இறங்கி வந்து சாவியை மேஜைமேல் வைத்தான். அவன் போனே செய்யவில்லை. செய்திருக்கவும் முடியாது, காலையிலேயே ஒரு பனைமரம் விழுந்து அந்தப் பக்கத்து டெலிபோன் கம்பி அறுந்து கிடந்ததாம். மணி அடித்தபோது அவன் கம்பத்தின் மேல் இருந்தான். மேனேஜர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆரோக்கியசாமியின் வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. போலீசுக்கும் அவர்மேல் குற்றமில்லை என்றே எழுதினேன்.

ஆரோக்கியசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனே சொல்லியும் இந்தத் தபா நான் போடலை சார். எனக்கு இது போதும்."

மேலதிகாரி என் விதியைப் பாராட்டி, மாகாணம் முழுக்க அமல்படுத்தலாம் என்று டெலிபோனில் சொன்னார். அவர் முகத்தை நேரில் பார்க்கும்வரை நான் ஒரு காகிதத்தைக்கூட நகர்த்தவில்லை.